வாய்பாடும் தேசப்படமும் வீட்டிலேயே பழகலாம்

கேள்வி: மகள் தரம் 4இல் படிக்கிறாள். 6, 7, 8ஆம் வாய்பாடுகளை எத்தனை தரம் பாடமாக்கினாலும் அடுத்த நாள் மறந்துவிடுகிறாள். இலங்கைப் படத்தில் மட்டக்களப்பைக் காட்டச் சொன்னாலும் தடுமாறுகிறாள். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. இன்னொரு ரியூசனுக்கு விடவா, வீட்டிலேயே பழக்கலாமா? (ஒரு தாய், களுவாஞ்சிகுடி)

பதில்: வீட்டிலேயே பழக்கலாம் அம்மா. மறதி பிள்ளையின் குறையில்லை. எல்லா வாய்பாட்டையும் ஒரே மாதிரி ஒப்பிக்க வைப்பதால்தான் எதுவும் மனதில் நிற்பதில்லை.

ஒரு கொப்பியில் 10 × 10 கட்டம் போடுங்கள். நூறு பெட்டி. 1, 2, 5, 10 அவளுக்குத் தெரிந்திருக்கும், அவற்றை அவள் கையாலேயே வெட்டட்டும். நான்காம் வாய்பாட்டுக்கு இரண்டு தரம் இரட்டித்தால் போதும்: 7, 14, 28. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒரு தரம் கழிக்க வேண்டும்: 9 × 7 என்றால் 70இல் 7 போக 63. இந்த இரண்டையும் வெட்டுங்கள். 3 × 8 தெரிந்தால் 8 × 3ம் தெரியும், அதையும் வெட்டுங்கள். கடைசியில் மிஞ்சுவது பத்தே பத்துத்தான்: 3 × 3, 3 × 6, 3 × 7, 3 × 8, 6 × 6, 6 × 7, 6 × 8, 7 × 7, 7 × 8, 8 × 8. நூறு பத்தாகக் குறைவதைப் பார்த்ததும் பிள்ளையின் முகமே மாறிவிடும்.

இந்தப் பத்தில் நாளுக்கு ஒன்று போதும். 7 × 8ஐ எடுத்தால், புளியங்கொட்டைகளை எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது வரிசைக்குக் கீழே ஒரு ஈர்க்கை வையுங்கள். மேலே ஐயெட்டு 40, கீழே ஈரெட்டு 16, மொத்தம் 56. அப்புறம் மறந்தாலும் பரவாயில்லை, ஈர்க்கு வைத்த இடத்தை நினைத்து அவளே கண்டுபிடிப்பாள். பிழையாகச் சொன்னால் உடனே திருத்தாமல், "எப்படி வந்தது மகள்?" என்று கேளுங்கள். சொல்லிக்கொண்டு போகும்போதே பாதிப் பிழை தானாகத் திருந்தும்.

இனி படம். தொடக்கப் பிரிவில் இது சுற்றாடல் பாடத்துக்குள் வருகிறது. சுவரில் தொங்கும் படத்தில் வடக்கு மேலே இருக்கிறது. வானம்தான் வடக்கு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். படத்தைக் கழற்றி முற்றத்தில் விரியுங்கள். அதன் கிழக்குப் பக்கம் கடலைப் பார்க்கட்டும். மகளும் கடலைப் பார்த்து நிற்கட்டும். இடது கைப்பக்கம் களுதாவளை, தேற்றாத்தீவு, அப்படியே போனால் மட்டக்களப்பு நகரம்: அது வடக்கு. வலது கைப்பக்கம் கல்லாறு, கல்முனை: அது தெற்கு. முதுகுக்குப் பின்னால் வாவி, பட்டிருப்புப் பாலம் தாண்டினால் படுவான்கரை: அது மேற்கு. இதையே அவள் ஒரு தாளில் கீறட்டும். கோணலாக வந்தாலும் அழிக்க வேண்டாம்.

25 மாவட்டங்களையும் ஒரேயடியாக ஒப்பிக்க வைக்காதீர்கள். நம் மாவட்டத்தைத் தொட்டிருப்பவை முதலில்: வடக்கே திருகோணமலை, மேற்கே பொலன்னறுவை, தெற்கே அம்பாறை. பிறகு சொந்தக்காரர் இருக்கும் மாவட்டங்கள்.

படத்தின் அளவுத்திட்டம் கணக்கையும் சேர்த்துப் பழக்கும். 1 சென்ரிமீற்றருக்கு 5 கிலோமீற்றர் என்றிருந்தால், வீதியின் வளைவுகளோடு ஒரு நூலை வைத்து, பிறகு நூலை அடிமட்டத்தில் அளக்கட்டும். 6 சென்ரிமீற்றர் வந்தால் 30 கிலோமீற்றர். பஸ்ஸில் போகும்போது கிலோமீற்றர் கற்களை வாசிக்கச் சொல்லுங்கள். ஏ4 வீதியில் இலக்கம் கொழும்பிலிருந்து தொடங்குவதால் மட்டக்களப்பை நோக்கிப் போகப் போகக் கூடும். ஏறும்போது ஒரு கல், இறங்கும்போது ஒரு கல், வித்தியாசம் எவ்வளவு?

இன்னொரு ரியூசன் இப்போது வேண்டாம். பாடசாலையும் ஒரு வகுப்பும் முடிந்து வரும் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு விளையாட நேரம் வேண்டும். பின்னேரம் விளையாடி, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்த பிறகு கால் மணித்தியாலம் போதும். ஒரு நாள் கணக்கு, மறுநாள் படம். களைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.