கூடை முடையும் பெண்கள் குழுவுக்குத் தொழில் பயிற்சியால் உண்மையில் பயன் உண்டா?

பென்னாகரம் பக்கம் மூங்கில் கூடை முடையும் உங்கள் அம்மாவின் குழுவை ஐந்து நாள் தொழில் பயிற்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை நாள் கூலியை விட்டுப் போவது தகுமா, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அங்கே என்ன புரியும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பாலக்கோடு பக்கம். எங்கள் குழுவும் கூடைதான். பன்னிரண்டு பேர், கணக்கு எழுதுவது நான். இதுவரை இரண்டு பயிற்சிக்குப் போயிருக்கிறோம். ஒன்று வீண். இன்னொன்றுக்குப் போகாமல் இருந்திருந்தால் தொழிலை எப்போதோ மூட்டை கட்டியிருப்போம்.

வீணானது மூன்று நாள். திரையில் படம் ஓட்டி பிராண்டிங், ஆன்லைன் மார்க்கெட்டிங் என்றார்கள். அப்போது எங்களில் ஸ்மார்ட்போன் இருந்ததே இரண்டு பேரிடம். அதிலும் ஒன்று மகனுடையது, அவன் ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போனால் போனும் கூடவே போய்விடும். சான்றிதழ், குரூப் போட்டோ, தக்காளி சாதம். நடத்தியது யார் என்பது இங்கே வேண்டாம்.

இரண்டாவது பயிற்சிக்கு வந்த மேடம் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்: “போன வாரம் என்ன வித்தீங்க, எவ்வளவுக்கு?” பழக்கூடை, 70 ரூபாய் என்றோம். லாபமா என்றார். லாபம்தான், மூங்கில் காசு போக மீதி நிற்கிறதே என்றோம். அந்தக் கூடையையே எடுத்து வைத்து எங்களை எண்ணச் சொன்னார். வண்டிக் கூலியோடு ஒரு மூங்கில் 150. அதில் ஆறு கூடை வரும், ஆக கூடைக்கு 25. சாயம், கம்பி, வார்னிஷ் 8. மொத்தம் 33, மிச்சம் 37. ஒருத்தி நாளைக்கு எத்தனை முடிப்பாள்? யாரும் கடிகாரம் பார்த்து முடைவதில்லை. காலையில் பால் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் சாயங்காலப் பாலுக்குள் நாலு, மூங்கிலைப் பிளந்து பிளாச்சு சீவுவதையும் சேர்த்து. நாலு முப்பத்தேழு 148. அந்த வருடம், 2024-ல், நூறு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த கூலி 319 ரூபாய்.

எல்லோரும் வாயடைத்துப் போனோம். எங்களில் மூத்த பெரியம்மா மட்டும், “நம்ம கைக்கு என்னாம்மா விலை? சும்மா குந்தியிருக்கிற நேரம் தானே” என்றார். மேடம் சிரிக்கவில்லை. “அந்த நேரத்தில் தக்காளி பறிக்கப் போனால் சும்மா விடுவார்களா, கூலி தருவார்களா?” என்று கேட்டார்.

மீதி நாலு நாளில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தக் கேள்வியின் நீட்சிதான். நாள் கூலி 300 என்று வைத்தால் கூடைக்கு 75. அதோடு 33. சேதாரம் உண்டு. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆனால் அப்போது கூடைக் கட்டுக்கு லக்கேஜ் கேட்பார்கள். எல்லாம் கூட்டி 130-க்குக் குறைந்து விற்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். காரிமங்கலம் செவ்வாய்ச் சந்தையில் 130 என்றதும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கட்டைப் பிரிக்காமலே திரும்பக் கொண்டு வந்தோம். வீட்டில் என்னென்ன பேச்சு வாங்கினோம் என்பது தனிக் கதை. சந்தைக்கு வருகிறவர்களுக்குக் கூடை என்பது சாணி அள்ளவும் தக்காளி சுமக்கவும்தான், அதற்கு பிளாஸ்டிக் கிரேட் வந்து எத்தனையோ காலமாகிறது. 130 கொடுக்கக்கூடியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் ஒரு கடையின் ஓரத்தில் கொஞ்சம் வைத்துப் பார்த்தோம், போயிற்று. ஓசூரில் புதுமனை புகுவிழாவுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க சின்னக் கூடை கேட்டார்கள். சீர்த்தட்டுக்குப் பதில் கூடை கேட்கிறவர்களும் உண்டு. இப்போது வேலையில் பாதி அந்தச் சின்னக் கூடைதான்.

அடியும் பட்டோம். ஒரு கடை சரக்கை எடுத்துக்கொண்டு ஐந்து மாதம் இழுத்தடித்தது. இப்போது பாதி முன்பணம் இல்லாமல் மூங்கிலைத் தொடுவதில்லை. ஐப்பசி மழையில் சரியாகக் காயாமல் கட்டி அனுப்பிய 200 கூடையில் 60 பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. இதைப் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை, பெரியம்மா சொன்னார், நாங்கள் அவசரத்தில் கேட்கவில்லை. வண்டு துளைக்காமல் இருக்க மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போடுவதும் அவருடைய பாடம்தான்.

இன்னொன்று, என் பார்வையில் இதுதான் பல குழுக்கள் உடையும் இடம். தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு தொடங்கியதே நம் தர்மபுரியில்தான், 1989-ல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு. அப்போது கிருஷ்ணகிரியும் நம் மாவட்டம்தான். அதனால் சந்தா, குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் உள்கடன், தவணை எல்லாம் நம் பெண்களுக்கு அத்துப்படி. ஆனால் சேமிப்புக் குழுவில் எல்லோருக்கும் சமபங்கு. தொழிலில் அப்படி முடியாது. எங்கள் பன்னிரண்டு பேரில் முடைவது ஏழு பேர். லாபத்தைச் சமமாகப் பிரித்த முதல் வருடம் பெரிய சண்டை. இப்போது முடைகிறவர்களுக்குக் கூடைக்கு இவ்வளவு என்று கூலி முதலில், மிஞ்சுவதில்தான் பங்கு. மூங்கில் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. அதிலிருந்து யாருக்கும் உள்கடன் கிடையாது, காதுகுத்தாக இருந்தாலும் சரி.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். போகச் சொல்லுங்கள், ஆனால் முன்னால் ஒரு போன் போட்டு, எங்கள் கணக்கை எடுத்து வந்தால் உட்கார்ந்து பார்ப்பீர்களா, முடிந்த பிறகு ஊருக்கு வருவீர்களா என்று கேளுங்கள். மழுப்பினால் கூலி வேலைக்கே போகலாம். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தியன் வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு, முடித்தவர்களை அதன் பிறகும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. கலெக்டர் ஆபீஸில் சுய உதவிக் குழுக்களைக் கவனிக்கும் மகளிர் திட்டத்திலும் விசாரிக்கலாம். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அது இலவசம். தெரியாமல் ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தவர்கள் நாங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாததைப் பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் பெரியம்மாவுக்கும் கையெழுத்து மட்டும்தான் வரும். ஒரு கூடை முடிந்தால் திண்ணைச் சுவரில் கரிக்கட்டியால் ஒரு கோடு, மூங்கில் வாங்கினால் ஒரு வட்டம். ராத்திரி பேத்தி அதை நோட்டில் ஏற்றிவிடுவாள். உங்கள் அம்மாவைப் பயிற்சிக்கு முன்னால் ஒரு வாரம் அப்படிக் கோடு போட்டு வரச் சொல்லுங்கள், நோட்டில் நீங்கள் ஏற்றிக்கொடுங்கள்.