ஏழு என்ற எண்ணும் ஏழாம் பருவமும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற வாரம் தஞ்சாவூரில் என் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, மஞ்சள் பையிலிருந்து பொறியியல் படிக்கும் மகள் ஏழாம் பருவத்தை (செமஸ்டரை) நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் படித்துப் பெற்று வந்த மதிப்பெண் பட்டியலை எடுத்து மேசைமேல் விரித்து, அதிலிருந்த 7 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். “இங்க தொண்ணூறு வாங்கிக்கிட்டு இருந்த புள்ள, அங்க போயி எழுவதுக்கு எறங்கிட்டுது சார்” என்று நீங்கள் சொன்னபோது குரல் தழுதழுத்தது. திருத்துறைப்பூண்டிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் அன்று முழுமையாகப் பேச இயலவில்லை. அதனால்தான் இக்கடிதம்.

நெதர்லாந்தில் மதிப்பெண் ஒன்று முதல் பத்து வரை வழங்கப்படுகிறது. ஒன்பதும் பத்தும் அங்கே மிக அரிதாகவே போடப்படும். ஆறு என்பது தேர்ச்சி, ஏழு என்பது நல்ல மதிப்பெண், எட்டு வாங்கியவரை வகுப்பே திரும்பிப் பார்க்கும். ஆகவே அந்த ஏழைப் பத்தால் பெருக்கி எழுபது என்று படிப்பது தவறு. நீங்கள் அப்படிப் படித்ததில் குற்றமில்லை; ஆனால் கல்லூரித் தேர்வுப் பிரிவும் அப்படியே பெருக்கிவிட்டால் மகளின் ஒட்டுமொத்தச் சராசரி காரணமின்றிக் குறையும். அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை பேர் எந்த மதிப்பெண் பெறுகிறார்கள் என்பதைக் காட்டும் அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதை விண்ணப்பத்தோடு இணைத்துத் தேர்வுப் பிரிவில் கொடுக்க வேண்டும். இதை இந்த வாரமே செய்யுங்கள்.

வாரத்தில் சில மணி நேரமே வகுப்பு நடந்ததாக வீட்டம்மா வருந்தியதாகவும் சொன்னீர்கள். படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் கணக்கிடுவார்கள்; ஐரோப்பியக் கணக்கில் ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட். நெதர்லாந்தில் ஒரு கிரெடிட் என்றால் மாணவரின் 28 மணி நேர உழைப்பு, ஆக மொத்தம் 840 மணி நேரம். அதில் வகுப்பறையில் கழிவது ஒரு பங்குதான். மீதி நூலகத்திலும் களத்திலும் குழு வேலையிலும் கழியும்.

இப்போது உண்மையிலேயே தவறிப்போன இரண்டு செய்திகளுக்கு வருகிறேன். முதலாவது, அங்கே எந்தெந்தப் பாடங்களைப் படிப்பது என்று புறப்படுமுன் இரு கல்லூரிகளும் கையெழுத்திட்ட பாட ஒப்பந்தம். அங்கே போன இரண்டாம் வாரத்தில் நேர அட்டவணை மோதியதால் மகள் ஒரு பாடத்தை மாற்றிக்கொண்டார். அந்த மாற்றத்துக்கு இங்குள்ள துறைத் தலைவரின் கையெழுத்தை வாங்கவில்லை. அதனால்தான் அந்த ஒரு தாள் இங்கே எழுதப்படாததாக நிற்கிறது. அக்கம்பக்கத்தார் அதை அரியர் என்று சொன்னாலும் அது தோல்வியன்று. மாற்றிப் படித்த பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தை வைத்து, நிகரான பாடமாக ஏற்குமாறு கேட்கலாம்; மறுத்தால் வரும் பருவத்தில் எழுதிவிடலாம்.

இரண்டாவது பிழையில் எனக்கும் பங்குண்டு. பொறியியல் கல்லூரிகளில் வேலைக்கு ஆளெடுக்கும் வளாக நேர்காணல்கள் பெரும்பாலும் ஏழாம் பருவத்தில் நடப்பவை. அதே மாதங்களில் மகள் டெல்ஃப்ட்டில் இருந்தார். ஐந்தாம் அல்லது ஆறாம் பருவத்தில் அனுப்பலாம் என்று நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து அனுப்பிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய இழப்பாகத் தெரியும் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன். இனி என்னிடம் வரும் பெற்றோருக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆயினும், அந்த ஐந்து மாதங்கள் வீண் என்று நீங்கள் சொன்னதை என்னால் ஏற்க இயலாது. மகள் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். டெல்ஃப்ட்டைச் சுற்றியுள்ள நிலம் பெரும்பாலும் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது; மழைநீரை வாய்க்கால்களில் சேர்த்து, பம்பு வைத்து மேலே ஏற்றித்தான் வெளியேற்ற வேண்டும். அதைக் கவனிக்கும் நீர் வாரியம் 1289ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. நாடு முழுவதும் இப்போது இத்தகைய வாரியங்கள் 21 உள்ளன; நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள் வாக்களித்து அவற்றின் உறுப்பினர்களில் பெரும்பாலோரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வாய்க்காலில் எவ்வளவு உயரம் நீர் நிற்க வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதி அறிவிக்கப்படுகிறது. வாய்க்கால் ஓரத்து அளவுகோலைப் பென்சிலால் வரைந்து, நாள்தோறும் பார்த்த நீர்மட்டத்தைப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

அதே குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு படம் இருந்தது. உங்கள் வயலுக்குப் பின்னால் ஓடும் வடிகால் அது. ஆகாயத்தாமரை அடைத்துக் கிடக்கும் இடத்தைக் கட்டம்போட்டுக் காட்டி, ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் மூழ்கும்போது கீழே உள்ள ரெகுலேட்டர் (நீரொழுங்கி) ஷட்டரை எப்போது தூக்குவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள், கடல் ஏற்றத்தில் உப்புநீர் உள்ளே வராமல் எவ்வளவு நேரம் திறந்து வைக்கலாம் என்று கேள்வி எழுதியிருக்கிறார். கடைமடையில் பிறந்த பிள்ளைக்கு வடிகாலைப் பற்றி இப்படிக் கேட்கத் தோன்றியிருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இவ்வளவும் இருக்க, அவருடைய தன்விவரக் குறிப்பில் ‘நெதர்லாந்தில் ஒரு பருவம்’ என்ற ஒரே வரிதான் உள்ளது. அதை மாற்றி, என்ன அளந்தார், என்ன கணக்கிட்டார் என்று நான்கு வரி எழுத வேண்டும்.

வழிகள் அடைபடவில்லை. டிஎன்பிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வின் வழியே நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆகலாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் நடக்கிறது, அதன் மதிப்பெண் மூன்றாண்டு செல்லும். வெளிநாட்டு மேற்படிப்பென்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகைப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை விண்ணப்பிக்கலாம். என் விருப்பம், முதலில் இங்கே ஓராண்டாவது வேலை பார்த்துவிட்டு அவர் மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்பது.

பிள்ளை மெலிந்துவிட்டது, முன்போல் பேசுவதில்லை என்றும் சொன்னீர்கள். டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்காலுக்குத்தான் வெளிச்சம் வரும், மாலை நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். பொங்கலன்றும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டவர். திரும்பி வந்ததும் வேலை எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டால் வாய் மூடிக்கொள்ளத்தான் செய்வார். அதைக் கொஞ்ச நாள் நிறுத்தி, ஒரு மாலை அவரை வடிகால் கரைக்கு அழைத்துப் போய், அந்தப் படத்தை விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வரும் வியாழக்கிழமை இருவரும் வாருங்கள். பாட ஒப்பந்தம், மாற்றிப் படித்த பாடத்தின் பாடத்திட்டம், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றோடு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர், தஞ்சாவூர்