ஆறு வாரக் கோடை விடுமுறை: கைக்குழந்தையோடு மியூனிக்கிலிருந்து மதுரைக்கும் தஞ்சாவூருக்கும்

நீங்கள் கேட்டது இது. போன வருடம் ப்ளூ கார்டில் (வெளிநாட்டு வல்லுநர்களுக்கான வேலை அனுமதி) மியூனிக் வந்தீர்கள். மகளுக்கு 7 வயது, முதல் வகுப்பு. மகன் அக்டோபரில் இங்கேயே பிறந்தான். இது பிப்ரவரி. ஆகஸ்டில் பள்ளி விட்டதும் ஆறு வாரமும் ஊரில் இருக்க ஆசை. மதுரையில் உங்கள் அப்பா அம்மா, தஞ்சாவூரில் மனைவி வீடு. எதிலிருந்து தொடங்குவது, எங்கே சறுக்கும்?

தம்பி, டிக்கெட் பார்ப்பதை ஒரு வாரம் தள்ளிவையுங்கள். முதலில் மகனின் காகிதங்கள். இங்கே பிறந்த குழந்தைக்குக் கடவுச்சீட்டும் வேண்டும், ரெசிடென்ஸ் பெர்மிட் அட்டையும் வேண்டும். ஒன்று கையில் வந்தால்தான் அடுத்தது நகரும். ஸ்டாண்டஸ்ஆம்ட் என்ற பதிவு அலுவலகம் தரும் பிறப்புச் சான்றிதழில் பன்மொழிப் படிவத்தையும் சேர்த்து வாங்கி, இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து கடவுச்சீட்டுக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் பதிவு ஒரு வயதுக்குள் நடக்க வேண்டும். கடவுச்சீட்டு வந்ததும் ஆவுஸ்லேண்டர்பெஹோர்டே, அதாவது வெளிநாட்டினருக்கான அலுவலகம். அங்கே விண்ணப்பிக்கப் பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் கெடு, உங்களுக்கு அது ஏப்ரலில் முடிகிறது. கடவுச்சீட்டு தாமதமானாலும் பெர்மிட் விண்ணப்பத்தை மட்டும் கெடுவுக்குள் மின்னஞ்சலிலாவது போட்டுவிட்டு, பெற்றுக்கொண்டோம் என்ற பதிலைச் சேமித்து வையுங்கள். ஒப்புதல் கிடைத்த பிறகும் அட்டை அச்சாகி வரச் சில வாரங்கள் பிடிக்கும். அட்டை இல்லாமல் குழந்தையோடு கிளம்பினால் போக முடியும், திரும்புவதுதான் சிக்கல். சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகத்தில் அவனுக்குத் தனி விசா எடுக்க வேண்டி வரும். அது மாதக்கணக்கில் இழுக்கக்கூடிய வேலை.

பெயரை இப்போதே ஒரு முறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். நம் தலைப்பெழுத்து முறை இங்குள்ள அலுவலகங்களுக்குப் பழக்கமில்லை. அப்பா பெயர் ஒரு காகிதத்தில் குடும்பப் பெயராகவும் இன்னொன்றில் முதல் பெயரோடு ஒட்டியும் வந்துவிடும். பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பெர்மிட், டிக்கெட் நான்கிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

உங்கள் மூவரின் அட்டைகளும் எந்தத் தேதி வரை? செப்டம்பர் கடைசிக்கு முன் முடிகிறதென்றால் இப்போதே நீட்டிப்புக்குப் போடுங்கள். புது அட்டை வருவதற்குள் பயணம் வந்துவிட்டால் ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங் என்ற இடைக்காலச் சான்று தருவார்கள். அதன் உள்பக்கத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவது கட்டத்தில், அதாவது பிரிவு 81(4) என்று எழுதிய இடத்தில் குறியிட்டிருந்தால் வெளியே போய்த் திரும்பலாம். பிரிவு 81(3) என்ற கட்டங்களில் குறி இருந்தால் திரும்பி நுழைய அது உதவாது. வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் முன் இதைப் பாருங்கள். பயணத்தில் காலாவதியான பழைய அட்டையும் கூடவே இருக்கட்டும், சென்னையில் போர்டிங் பாஸ் கொடுப்பவர் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்.

இனி தேதி. பவேரியாவில் கோடை விடுமுறை ஆகஸ்ட் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் நடுவரை. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் டிக்கெட் மலிவாக இருக்கிறதே என்று தோன்றும், செய்யாதீர்கள். இங்கே பள்ளிக்கு வருவது சட்டக் கடமை, மலிவு டிக்கெட்டைக் காரணமாக ஏற்க மாட்டார்கள், அபராதம் உண்டு. விடுமுறைக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகளோடு கிளம்பிய குடும்பங்களை மெம்மிங்கன், நியூரம்பெர்க் விமான நிலையங்களில் போலீஸார் கண்டுபிடித்தது 2018-இல் நாடு முழுக்கச் செய்தியானது. திரும்பி வருவதற்கும் பள்ளி திறக்குமுன் மூன்று நாளாவது விட்டுவையுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. நீங்கள் போகிற ஆகஸ்ட், ஊரில் விடுமுறைக் காலமே அல்ல. உங்கள் அண்ணன் பிள்ளைகள் காலையில் பள்ளிக்குப் போய்விடுவார்கள், மாலையில் டியூஷன், செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வேறு நெருங்கும். 'அண்ணன் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடலாம்' என்று மகளுக்குச் சொல்லி வைத்தால் பகல் முழுக்கப் பெரியவர்களுக்கு நடுவே சலித்துப்போவாள். பிள்ளைகள் உள்ள வீடுகளைச் சனி ஞாயிறுக்கு ஒதுக்கி, தாத்தா பாட்டி, பெரியப்பா, வயதான அத்தைகளை வார நாட்களில் வையுங்கள். ஆகஸ்ட் நடுவரை ஆடி, அதில் கல்யாணம் வராது. முகூர்த்தமெல்லாம் ஆவணியில் குவியும். யார் வீட்டில் என்ன விசேஷம் என்று மார்ச்சிலேயே கேட்டுவிட்டு மதுரை, தஞ்சாவூர் வாரங்களைப் பிரித்தால் ஒரே வாரத்தில் மூன்று முறை திருச்சியைத் தாண்ட வேண்டியிருக்காது.

விடுப்புக் கணக்கு: வாரம் ஐந்து நாள் வேலைக்கு ஆறு வாரம் என்றால் 30 நாள். சட்டப்படிக் குறைந்தபட்சம் 20 நாள்தான், 30 கிடைத்தாலும் வருடத்துக்கான மொத்தமும் இதிலேயே கரைந்துவிடும். டிசம்பரில் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாதபோது கையில் ஒரு நாளும் இருக்காது. மனைவியும் பிள்ளைகளும் முன்னால் போய், நீங்கள் கடைசி மூன்று வாரம் சேர்ந்துகொள்வது நல்ல ஏற்பாடு. அப்படியானால் தாய் தனியே பிள்ளைகளை அழைத்துச் செல்ல உங்கள் சம்மதக் கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம், உங்கள் கடவுச்சீட்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் கைப்பையில் இருக்கட்டும். ஊரிலிருந்து லேப்டாப்பில் வேலை பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே கணினியைக் கொண்டுபோகவே பல இடங்களில் தடை.

டிக்கெட்டை சென்னை வரை ஒரே முன்பதிவில் எடுங்கள். இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. டெல்லி, மும்பை வழி போனால் பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்துச் சுங்கம் கடக்க வேண்டும். கைக்குழந்தையோடு நள்ளிரவில் அது பெரிய பாடு. இரண்டு வயதுக்குள் மடியில் போகலாம், தொட்டில் வேண்டுமென்று முன்பதிவன்றே கேளுங்கள். பத்து மாதப் பிள்ளைக்கு எடை வரம்பு நெருங்கியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இறங்கிய கையோடு காரில் மதுரைக்கு 460 கிலோமீட்டர் ஓட்டிப் போவதை யார் வற்புறுத்தினாலும் ஏற்காதீர்கள். ஓர் இரவு தங்கி மறுநாள் ரயிலில் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். ஐந்து வயதிலிருந்து தனி இருக்கை கேட்டால் முழுக் கட்டணம்.

காப்பீட்டில் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கிராங்கென்காஸ்ஸே, அதாவது இங்குள்ள அரசு முறை மருத்துவக் காப்பீடு, இந்தியாவில் செல்லாது. தனியாக வெளிநாட்டுப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், வருடத்துக்குக் குடும்பத்துக்கே சிறு தொகைதான். ஆனால் விதிகளில் மூன்று இடத்தைப் படியுங்கள். ஒரு பயணம் எத்தனை நாள் வரை என்பது முதலாவது. 42 நாள் என்று இருந்தால் ஆறு வாரம் விளிம்பில் நிற்கிறது, 56 நாள் உள்ளதை எடுங்கள். சொந்த நாட்டுக்குப் போகும் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா என்பது அடுத்தது. சில திட்டங்களில் இந்த வரி ஒளிந்திருக்கும், நமக்கு அந்தத் திட்டமே பயனில்லை. மூன்றாவது, நோயாளியைத் திருப்பி அழைத்து வருவது. 'மருத்துவ ரீதியாக அவசியமானால்' என்பதைவிட 'உசிதமானால்' என்று எழுதிய திட்டம் மேல். ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பெயர், பிறந்த தேதி, நோய், சிகிச்சை, தேதி எழுதிய ரசீதின் அசலை வாங்குங்கள்.

தடுப்பூசிக்கு மே மாதமே குழந்தை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். நாம் அங்கேயே வளர்ந்தவர்கள்தானே என்ற நினைப்புதான் இந்தப் பயணத்தில் அதிகம் ஏமாற்றுவது. மகனுக்கு அந்தக் கிருமிகளோடு எந்தப் பழக்கமும் இல்லை. தட்டம்மை ஊசி இங்கே 11 மாதத்தில் வழக்கம், 9 மாதத்திலிருந்தே போட முடியும் என்பதால் கிளம்புமுன் போடலாமா என்று கேளுங்கள். மகளுக்கு ஹெபடைட்டிஸ் ஏ (மஞ்சள் காமாலை வகை), டைபாய்டு ஊசிகள். நாய்க்கடிக்கான முன் தடுப்பூசியையும் கேளுங்கள். அது போட்டிருந்தால் கடித்த பிறகு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டாம், ஊசித் தவணை மட்டும் போதும். எப்படியானாலும் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனை. பயணத் தடுப்பூசிச் செலவைப் பல காஸ்ஸேக்கள் திருப்பித் தருகின்றன.

காய்ச்சல் மருந்தில் நடக்கும் தவறு ஒன்றை விளக்கமாகச் சொல்கிறேன். இங்குள்ள பாரசிட்டமால் சிரப்பில் 1 மில்லியில் 40 மில்லிகிராம். ஊரில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 உள்ளதும் கிடைக்கும், 5 மில்லிக்கு 250 உள்ளதும் கிடைக்கும். சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100. உங்கள் மகன் அப்போது 9 கிலோ என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கில் ஒரு வேளைக்குச் சுமார் 120. அது இங்குள்ள சிரப்பில் 3 மில்லி, ஊர் 120 சிரப்பில் 5 மில்லி, 250 சிரப்பில் 2.4 மில்லி, சொட்டு மருந்தில் 1.2 மில்லி. பாட்டி அன்போடு 'ஒரு மூடி' ஊற்றினால், 250 சிரப்பாக இருந்தால் அளவு இரு மடங்காகிவிடும். எனவே இங்கிருந்தே ஒரு பாட்டிலும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொண்டுபோய், மூடியில் 'தம்பிக்கு 3 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். எடையை மருத்துவரிடம் சொல்லி அளவை உறுதி செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் டெங்குவா என்று தெரியும்வரை இபுபுரோஃபென் வேண்டாம், ரத்தக் கசிவை அது கூட்டும். இரண்டும் கலந்த சிரப் கடைகளில் சர்வ சாதாரணம், அட்டையைப் படித்து வாங்குங்கள். டெங்கு கொசு பகலில் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் தொட்டிலில் வலை வேண்டும்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பொட்டலத்தைச் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம் அரை டம்ளர் என்று கண் திட்டத்தில் கலந்தால் உப்பு கூடிவிடும். ஒவ்வொரு முறை போன பிறகும் மகனுக்கு 50 முதல் 100 மில்லி, மகளுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தக் கூடாது.

ஊரில் இருக்கும் நாட்களைப் பற்றி. ஆறு வாரம் நிறைய மாதிரி தெரியும். கணக்குப் போட்டால் வந்த முதல் நான்கு நாள் தூக்கத்துக்கும் வயிறு பழகவும் போகும், கிளம்பும் முன் மூன்று நாள் பெட்டி கட்ட, ரயில், வங்கி, ஆதார் வேலை என்று ஒரு வாரம். மிச்சம் நான்கு வாரம். அதில் தினம் இரண்டு வீடு என்று சுற்றினால் எல்லோரையும் பார்த்ததாகப் பேர் இருக்கும், அப்பாவோடு அரை மணி சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்கு ஒரே வீடு, அதுவும் மாலை நான்கு மணிக்கு மேல் என்று கிளம்புமுன்பே சொல்லிவிடுங்கள். 'வந்தும் எட்டிப் பார்க்கவில்லை' என்ற மனத்தாங்கலைத் தவிர்க்க எளிய வழி, இரண்டு ஊரிலும் ஒரு ஞாயிறு எல்லோரையும் உங்கள் வீட்டுக்கே சாப்பிடக் கூப்பிடுவது. நடக்க முடியாத பெரியவர்களை மட்டும் நீங்களே போய்ப் பாருங்கள், அதை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள். மனைவி வீட்டுக்கு மூன்று நாள், உங்கள் வீட்டுக்கு மூன்று வாரம் என்று வைத்தால் அந்த வருத்தம் வருடம் முழுக்கத் தொலைபேசியில் தொடரும். சரிபாதியாகப் பிரியுங்கள்.

திரும்பும் பெட்டியில் நெய், பனீர், இறைச்சி எதுவும் கூடாது. கறிவேப்பிலையும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் வரக்கூடாது. பொடி வகைகள், தேங்காய், கருவாடு தாராளமாக வரலாம். பரிசுப் பொருள்களுக்கு வரம்பு ஆளுக்கு 430 யூரோ, 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு 175. ஆயிரம் யூரோ நகை ஒன்றை நான்கு பேர் வரம்பில் பங்கு போட்டுக் கழிக்க முடியாது. இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் சொந்த நகையைக் கிளம்பும் முன் விமான நிலையச் சுங்கத்தில் காட்டி அடையாளச் சான்று வாங்கினால், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி வராது.

வந்து சேர்ந்த மூன்று, நான்கு வாரத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக இந்தியாவிலிருந்து எந்தத் தேதியில் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். டைபாய்டு மூன்று வாரம் கழித்தும் தலைகாட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் சளிக் காய்ச்சல் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், ரத்தப் பரிசோதனை எடுக்க மாட்டார்கள்.