கடைசி நாளை முதலில் குறியுங்கள்

ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, சீசன் மாதங்களில் அந்தமானில் ஸ்கூபா (முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக் கடலுக்கடியில் இறங்குவது) பயிற்சி தரும் பெண்மணி வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஏப்ரலில் எனக்கும் கணவருக்கும் ஐந்து நாள் லீவு. மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். மூவருக்கும் ஸ்கூபா ஆசை, ஆனால் யாருக்கும் நீச்சல் தெரியாது. லட்சத்தீவா, அந்தமானா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்களுக்கு அந்தமான்தான் சரிப்படும், அக்கா. லட்சத்தீவுக் கடல் அழகில் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் அங்கே கால் வைக்க நமக்கே அனுமதிச் சீட்டு வேண்டும். அதை வாங்கி, கொச்சி போய், கப்பலோ அகத்தித் தீவுக்கு விமானமோ பிடிப்பதற்குள் ஐந்து நாளில் பாதி கரைந்துவிடும். பத்து நாள் லீவு கிடைக்கிற வருஷம், மாதக்கணக்கில் முன்கூட்டியே ஏற்பாடு செய்து அங்கே போங்கள்.

அந்தமானுக்கு நம் துறைமுகத்திலிருந்தே கப்பல் உண்டு. போகவே மூன்று நாள் போல ஆகும் என்பதால் உங்களுக்கு விமானம்தான். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேரே விமான நிலையத்தில் இறங்கலாம். முதல் வண்டிக்கு முந்தைய விமானமென்றால் மட்டும் ராத்திரியே கார் சொல்லி வையுங்கள். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து படகில் ஹேவ்லாக். அதுவும் 2018-இலிருந்து ஸ்வராஜ் தீவு. இரண்டு பெயரும் புழக்கத்தில் இருப்பதால் டிக்கெட்டில் எது இருந்தாலும் பதற வேண்டாம்.

டிக்கெட் போடும் முன் காலண்டரில் கடைசி நாளை முதலில் குறியுங்கள். கடலுக்கடியில் அழுத்தத்தோடு மூச்சு விடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், உயரத்தில் அழுத்தம் குறைந்து, அது உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடும். மூட்டுவலியில் தொடங்கி பக்கவாதம் வரை போகக்கூடிய விஷயம் இது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அதற்கு மேல் செய்தால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம் என்பது பொது விதி. என்னிடம் வருகிறவர்களுக்கு ஒரு முழு நாள் விடச் சொல்லுவேன். ‘காலையில் டைவ், சாயந்திரம் ஃபிளைட்’ என்று யாராவது பேக்கேஜ் காட்டினால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஆக, முதல் நாள் ஹேவ்லாக் போய்ச் சேருங்கள், இரண்டாம் நாள் டைவ். மூன்றாம் நாளைக் காலியாக விடுங்கள். காற்று எழும்பினால் டைவும் நிற்கும், படகும் நிற்கும். அப்போது கைகொடுப்பது அந்த நாள்தான். நான்காம் நாள் போர்ட் பிளேர் திரும்பி, ஐந்தாம் நாள் விமானம்.

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் கூடவே இறங்கும் முதல்முறை டைவ் செய்யலாம். அதிகபட்சம் 12 மீட்டர்தான். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்து வாயால் மூச்சு விடப் பழக்குவோம். மாஸ்க் விளிம்புக்குள் ஒரு முடி சிக்கினாலும் தண்ணீர் கசியும். மகளுடைய தலைமுடியை இறுக்கிப் பின்னி விடுங்கள். காது வலிப்பதற்கு முன்னாலேயே, முதல் மீட்டரிலிருந்தே, மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றை உள்ளே அழுத்த வேண்டும். இதைக் கிளம்பும் வரை தினமும் வீட்டில் பழகுங்கள். மகளுக்குச் சான்றிதழ் படிப்பு வேண்டுமென்றால் அதற்கே மூன்று நான்கு நாள் ஆகும், 200 மீட்டர் நீந்தியும் காட்ட வேண்டும். மெரினா நீச்சல் குளத்தில் சேர்த்து விடுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

கேள்வி: வயது 54. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கூபாவுக்கு முன் நிரப்பச் சொல்லும் மருத்துவப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டால் போதும் என்கிறான் நண்பன்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எழுதாதீர்கள், ஐயா. கரையில் பொய் எழுதினால் கடலுக்குள் உங்களைத் தூக்கி வர வேண்டியவருக்கு எதுவும் தெரியாமல் போகும். படிவத்தை இங்கேயே உங்கள் டாக்டரிடம் காட்டி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் டாக்டர் சம்மதத்தோடு இறங்குகிறார்கள். ஆஸ்துமா, இதய நோய், காது ஆபரேஷன் எதுவாக இருந்தாலும் இதே வழிதான். ஜலதோஷம் பிடித்த அன்று யாருமே இறங்கக் கூடாது.

கேள்வி: நினைவுக்கு ஒரு துண்டு பவளம் எடுத்து வரலாமா? செத்துப்போனதுதான்.
– வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உயிருள்ளது, செத்தது என்ற வித்தியாசமே கிடையாது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள், வழக்கும் வரலாம். 1998, 2010, 2016, 2024 என்று சூடேறிய கடலில் லட்சத்தீவுப் பவளங்கள் திரும்பத் திரும்ப வெளுத்திருக்கின்றன. செத்த பவளத்தின் மேல்தான் புதுக் குஞ்சுகள் ஒட்டி வளர வேண்டும். அதை அங்கேயே விட்டுவிடுங்கள், தங்கச்சி.

கேள்வி: அப்பாவோடு ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவன் நான். மூச்சடக்கி நன்றாக முங்குவேன். எனக்கு ஸ்கூபா சுலபமாக வருமா? நம்ம கடலில் ஏன் பவளம் இல்லை?
– வாசகர், காசிமேடு

பதில்: தம்பி, உன் கேள்வியைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெயில் வேண்டும். நம் பக்கம் கூவமும் கொசஸ்தலையும் கொட்டும் வண்டலில் தண்ணீர் எப்போதும் கலங்கலாகவே கிடக்கிறது. தெளிவு வந்தாலும் நிலைப்பதில்லை. தமிழ்நாட்டிலேயே பவளம் பார்க்க மன்னார் வளைகுடாப் பக்கம் போக வேண்டும்.

கடல் பயம் இல்லாதது உனக்குப் பெரிய சொத்து. ஆனால் மூச்சடக்கும் பழக்கத்தை சிலிண்டர் கட்டியதும் விட்டுவிட வேண்டும். நீ வழக்கமாக முங்கும்போது கரைக்காற்றை இழுத்துக்கொண்டு போகிறாய்; ஆழத்தில் அது சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவுதான். ஸ்கூபாவில் பத்து மீட்டருக்குக் கீழேயே நெஞ்சு நிறைய இழுக்கிறாய். அதை அடக்கியபடி மேலே வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும், நுரையீரல் கிழிந்துவிடும். உன்னை மாதிரி முங்கத் தெரிந்த பிள்ளைகளிடம்தான் முதல் நாள் முழுக்க ‘மூச்சு விடு, மூச்சு விடு’ என்று சைகை காட்டிக்கொண்டே இருப்பேன். பழகிவிட்டால் உங்களைப் போல அமைதியாக இறங்குகிறவர்கள் குறைவு. பதினெட்டு வயது ஆகியிருந்தால் டைவ்மாஸ்டர் (மற்றவர்களைக் கடலுக்குள் கூட்டிப் போகும் வழிகாட்டி) வரை படிக்கலாம், அது சம்பளம் வரும் வேலை. ஆங்கிலம் கொஞ்சம் பேசப் பழகிக்கொள். பிப்ரவரியில் கடல் அமைதியாக இருக்கும்போது கிளம்பி வா. அப்பாவிடம் கேட்டுவிட்டு எழுது.