பேசியது பேசியபடியே

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் விரும்பிப் படிக்கும் மூத்த எழுத்தாளர் ஒருவரை நேர்காணல் செய்ய வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. அவருடைய வாழ்க்கை, நூல்கள் இரண்டைப் பற்றியும் பேச வேண்டும். என் கேள்விகளை இணைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்வீர்களா? எழுத்தாளரிடம் சொந்த வாழ்க்கையைக் கேட்பது முறைதானா? இன்னொன்று. அச்சுக்குப் போகுமுன் எழுத்துவடிவத்தைத் தனக்குக் காட்ட வேண்டும், தேவையென்றால் திருத்துவேன் என்கிறார். அது வாசகரை ஏமாற்றுவதாக எனக்குப் படுகிறது. பேசியதைப் பேசியபடியே தருவதுதானே நேர்மை?

க.

அன்புள்ள க.,

கேள்விகளைப் பார்த்தேன். 'எழுத வந்தது எப்படி', 'இளைய தலைமுறைக்கு உங்கள் அறிவுரை' இரண்டையும் எடுத்துவிடுங்கள். அவற்றுக்கு அவர் பலமுறை பதில் சொல்லியிருப்பார். சொந்த வாழ்க்கையைத் தாராளமாகக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் சொல்லமாட்டார், அவ்வளவுதான்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொஞ்ச நாட்களாகப் பழைய நேர்காணல்களை எடுத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் 'பேசியதைப் பேசியபடியே' என்று ஒருவர் எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. ஒலிப்பதிவை ஒருமுறையாவது உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? மனிதர்கள் வாக்கியங்களில் பேசுவதில்லை. பாதியில் விட்டுவிட்டு வேறெங்கோ போவார்கள், சிரிப்பார்கள், கையைக் காட்டி முடிப்பார்கள். அதில் எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று நீங்கள் முடிவு செய்யும்போதே திருத்தம் தொடங்கிவிட்டது. அந்த உரிமையை உங்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேசியவருக்கு இல்லை என்கிறீர்கள். இதுவா நேர்மை?

நாம் கொண்டாடும் உரையாடல்களில் எது பேசியபடியே வந்தது? எக்கர்மான் என்ற இளம் எழுத்தாளர் 1823-இல் ஜெர்மன் கவிஞர் கதேவைச் சந்தித்துப் பேசத் தொடங்கினார். அந்த உரையாடல்களின் முதல் இரண்டு தொகுதிகள் கதே இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1836-இல் வந்தன. மூன்றாவது வர 1848 ஆயிற்று. கையில் இருந்தவை நாட்குறிப்பும் நினைவும்தான், மூன்றாவதில் இன்னொருவரின் குறிப்புகளும் உண்டு. இருப்பதிலேயே சிறந்த ஜெர்மன் நூல் அதுதான் என்று தத்துவவாதி நீட்சே சொன்னார். 1953-இல் தொடங்கிய பாரிஸ் ரிவ்யூ இதழ், எழுத்தாளர்கள் தங்கள் பதில்களைப் பார்த்துத் திருத்தலாம் என்பதை வழக்கமாகவே வைத்துக்கொண்டது. 1958-இல் அதில் வந்த நேர்காணலில் ஹெமிங்வே பல கேள்விகளுக்கு உட்கார்ந்து எழுதித்தான் பதில் கொடுத்தார். நாவலாசிரியர் நபக்கோவ் இன்னும் கறார். கேள்வி எழுத்தில் வர வேண்டும், பதிலும் எழுத்தில்தான் போகும். இவற்றைப் படித்துவிட்டு யாரும் ஏமாந்து போகவில்லை.

பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் த்ரூஃபோ 1962-இல் இன்னொரு இயக்குநரான ஹிட்ச்காக்கோடு ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார். ஒருவருக்குப் பிரெஞ்சு, இன்னொருவருக்கு ஆங்கிலம், நடுவில் ஹெலன் ஸ்காட் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சு புத்தகமாக வர 1966 ஆனது. ஒலிநாடாக்களும் இன்று கேட்கக் கிடைக்கின்றன. கேட்டுப் பாருங்கள், பேச்சும் புத்தகமும் ஒன்றல்ல. ஆனாலும் ஒரு கலைஞனின் மனம் வேலை செய்யும் விதத்தை எனக்குக் காட்டியது புத்தகம்தான். தமிழிலும், 1991 முதல் 1995 வரை கோமல் சுவாமிநாதன் நடத்திய சுபமங்களா இதழில் வந்த நீண்ட நேர்காணல்களைப் படித்துத்தான் என்னைப் போன்ற பலர் எழுத்தாளர்களைப் பக்கத்தில் பார்த்தோம். அவற்றை ஒலிநாடாவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சரி, இவ்வளவு வேகம் எனக்கு எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். இளம் வயதில் ஒரு இதழுக்காக ஒலிநாடாக்களைக் கேட்டு எழுதிக்கொடுக்கும் வேலை செய்தேன். முதியவர் ஒருவரின் நேர்காணல் வந்தது. நல்ல நாவலாசிரியர். அண்ணனின் மரணத்தைப் பற்றிக் கேட்டதும் தங்குதடையில்லாமல் பேசினார். கடைசி இரவு முழுக்க அண்ணனின் கையைப் பிடித்தபடி இருந்ததாகச் சொன்னார். நான் எழுதியதை அவருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது அந்தப் பத்தி முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இது நான் மேடைகளில் சொல்லும் கதை. நான் அங்கே இல்லை. ஆள் அனுப்பியும் போகவில்லை.'

அவருடைய நாவலில் ஒரு தம்பி நோயாளியின் கட்டிலைவிட்டு நகரவே மாட்டான். அந்த மூன்று வரிகளைப் படித்தபிறகுதான் அவன் ஏன் நகரவில்லை என்று எனக்குப் புரிந்தது. மைக்கின் முன்னால் அவரால் சொல்ல முடியாதது, தனியாகக் காகிதத்தோடு உட்கார்ந்தபோது வந்திருக்கிறது. அவர் எழுத்தாளர், அவருக்கு உண்மை அப்படித்தான் வரும்!

அந்த இதழின் ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. ஒலிநாடாவில் இருப்பதுதான் ஆதாரம், பிறகு மாற்றுவது நேர்மையில்லை என்றார். உங்கள் வாதமேதான். மேடைக் கதைதான் அச்சானது. அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் கட்டுரைகளிலும் அதையே எடுத்துப் போட்டார்கள். தன் வாழ்நாளில் ஒருமுறை அந்தப் பொய்யை விட்டுவிட அவர் முயன்றார், நாம் விடவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அமைச்சரிடம் கேட்பது வேறு. அவர் வாய் தவறியதும் செய்திதான், மாற்ற விடக் கூடாது. ஒரு நாவலாசிரியரிடம் அந்த மாதிரிப் போகாதீர்கள். 'பேசியபடியே' என்று பிடிவாதம் பிடிப்பதில் ஒரு பங்கு, மாட்டிக்கொண்டார் என்ற சந்தோஷம். உங்களிடம் அது இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கடிதத்தைப் படித்தால் அவர்மேல் உங்களுக்கு உண்மையான அன்பு இருப்பது தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

திருத்தும்போது சங்கடமானதை மறைத்துவிடுவாரே என்பீர்கள். மறைக்கலாம். அப்போது மறுபடி போய்க் கேளுங்கள். அவர் திருத்தலாம் என்றால், திருத்திய இடத்தில் இன்னொரு கேள்வி கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பதில் மாறிவிட்டதே என்று உங்கள் கேள்வியை மட்டும் பின்னால் அழகுபடுத்தாதீர்கள். பதில் சொல்ல மறுத்தால், மறுத்தார் என்றே போடுங்கள்.

அப்புறம், உங்கள் கேள்விகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 'கடைசி அத்தியாயத்தில் அம்மா ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை?' படித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி இது. இதையே முதலில் கேளுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் நீங்கள் பாய்ந்து எடுத்துக்கொடுக்காதீர்கள். திருத்திய பிரதி வந்ததும் எனக்கு எழுதுங்கள்.