உதவி கேட்ட பதிவில் குழந்தைகளின் படம்: வழக்கு வருமா?

கேள்வி: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின்போது, நண்பர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரில் நிவாரணப் பணி செய்தோம். ஒருவர் பின் ஒருவராகத் தந்தையையும் தாயையும் தொற்றில் இழந்த இரண்டு குழந்தைகளுக்காக (அக்காவுக்கு அப்போது 10 வயது, தம்பிக்கு 4) நான் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் ஒரு வேண்டுகோள் வெளியிட்டேன். குழந்தைகளின் படம், தெருவின் பெயர், அவர்களை வளர்க்கும் பாட்டியின் கைபேசி எண், என் வங்கிக் கணக்கு எண் எல்லாம் அதில் இருந்தன. "அம்மா, அப்பா இருவரையும் கொரோனா கொண்டுபோய்விட்டது. இந்தப் பிஞ்சுகளுக்கு இனி யாருமில்லை. உதவ நினைப்பவர்களும் தத்தெடுக்க விரும்புபவர்களும் உடனே அழையுங்கள்" என்று எழுதியிருந்தேன். ஏறக்குறைய 4 லட்சம் ரூபாய் வந்தது. பள்ளிக் கட்டணம், மளிகை, பாட்டியின் மருத்துவச் செலவு போக ஒன்றரை லட்சம் என் கணக்கிலேயே இருக்கிறது. இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண்ணின் வகுப்பு மாணவர்களிடையே அந்தப் படம் மறுபடியும் சுற்றுகிறது. அவள் பள்ளிக்குப் போக மறுக்கிறாள். பள்ளி தந்த தகவலின்பேரில் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு விளக்கம் கேட்டு எனக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது. நல்லது செய்யப்போய்க் குற்றவாளியாகிவிடுவேனா? அந்தக் குடும்பம் அரசு நிவாரணம் எதற்கும் விண்ணப்பிக்கவில்லை, இனிமேல் கிடைக்குமா?

பதில்: உங்கள் வேண்டுகோளில் மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. சட்டத்தின் முன் மூன்றும் ஒரே தரத்தவை அல்ல என்பதால் தனித்தனியாகவே பார்க்கிறேன்.

முதல் வாக்கியத்துக்காக உங்களை யாரும் எதுவும் செய்துவிட முடியாது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 54-ஆம் பிரிவு, பேரிடரைப் பற்றியோ அதன் தீவிரத்தைப் பற்றியோ பொய்யான எச்சரிக்கையைப் பரப்பிப் பீதியை உண்டாக்குபவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ விதிக்கிறது. நடந்த மரணத்தைச் சொல்லி உதவி கேட்பது அந்த வரையறைக்குள் வராது. ஆக்சிஜனும் படுக்கையும் கேட்டு மக்கள் பதிவிட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், 2021 ஏப்ரல் 30 அன்று, தானாக முன்வந்து எடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: இணையத்தில் குறைகளைச் சொல்லியும் உதவி கேட்டும் எழுதும் குடிமக்கள்மீது மாநில அரசுகளோ காவல்துறையோ நடவடிக்கை எடுத்தால் அது நீதிமன்ற அவமதிப்பாகக் கருதப்படும். ஆகவே, வேண்டுகோள் விடுத்ததே தவறோ என்ற குற்ற உணர்வு உங்களுக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கியம் உண்மை அல்ல. குழந்தைகளுக்குப் பாட்டி இருந்தார். அவருடைய எண்ணையே நீங்கள் கீழே கொடுத்திருக்கிறீர்கள். இரக்கத்தைக் கூட்டுவதற்காக எழுதிய வரி என்பது புரிகிறது. ஆனால் இளைஞர் நீதி (குழந்தைகளின் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன்படி, பெற்றோர் இல்லாமல், பராமரிக்க முன்வருபவரும் இல்லாமல் இருக்கும் குழந்தை 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' ஆகிறது. அத்தகைய குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தின் 32-ஆம் பிரிவு, குடும்ப ஆதரவு இல்லாத அநாதைக் குழந்தையைக் காண நேரும் எவரும் 24 மணி நேரத்துக்குள் சைல்டுலைன் (1098 உதவி எண்), காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றுள் ஒன்றுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் இருப்பதும் தண்டனைக்குரியது.

உங்களுக்கு இரண்டு எதிர்வாதங்கள் உண்டு. பாட்டி பராமரித்துக்கொண்டிருந்ததால் அக்குழந்தைகள் அந்த வரையறைக்குள் வரவே இல்லை என்பது ஒன்று. விசாரணை, புலனாய்வு, நீதிமன்ற நடவடிக்கை ஆகியவை தொடர்பான செய்திகளைப் பற்றித்தான் 74-ஆம் பிரிவு பேசுகிறது, நீங்கள் பதிவிட்டபோது அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சொல்லத்தக்க வாதங்களே. ஆனால் முதல் வாதத்தை நீங்கள் எடுத்துவைத்தவுடன் எதிர்த்தரப்பு உங்கள் பதிவையே காட்டி, "யாருமில்லை என்று எழுதியவர் நீங்கள்தானே?" என்று கேட்கும்.

மூன்றாவது வாக்கியம்தான் எனக்குக் கவலை தருகிறது. சட்டம் வகுத்த நடைமுறையைப் பின்பற்றாமல் அநாதைக் குழந்தையைத் தத்துக்குக் கொடுப்பதும் பெறுவதும் மட்டுமல்ல, கொடுக்க முன்வருவதுமே இளைஞர் நீதிச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இந்துக் குடும்பமாக இருந்து 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி நடப்பதானாலும், பெற்றோர் இருவரும் இறந்த நிலையில் பாதுகாவலர் குழந்தையைத் தத்துக்கொடுக்க நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். எந்த வழியில் போனாலும் கைபேசியில் அழைத்துப் பேசி முடிக்கும் காரியம் அல்ல அது. அந்தக் கோடையில் இதே வாசகத்துடன் ஏராளமான செய்திகள் வலம்வந்தன. எழுதியவர்களில் பலர் உங்களைப் போன்ற நல்லெண்ணக்காரர்கள், சிலர் குழந்தை வணிகம் செய்பவர்கள். படிப்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழி இல்லை. அதனால்தான் 2021 ஜூன் மாதம், பெற்றோரை இழந்த குழந்தைகளின் அடையாளத்தை வெளியிட்டு நிதி திரட்டுவதையும், தத்தெடுக்க வாருங்கள் என்று விளம்பரம் செய்வதையும் தடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. உங்கள் பதிவு அதற்கு முந்தையது என்பது உண்மை. ஆனால் அந்த உத்தரவு புதிய குற்றம் எதையும் உருவாக்கவில்லை. 2015-இலேயே இருந்த சட்டத்தை நினைவூட்டியது, அவ்வளவுதான்.

இங்கே உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பியவர்களில் யாராவது குழந்தையைக் கேட்டு அழைத்தார்களா? அழைத்திருந்தால் நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? நன்கொடைக் கோரிக்கையும் தத்து அழைப்பும் ஒரே வாக்கியத்தில் இருப்பதால், 5 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கும் 81-ஆம் பிரிவை, அதாவது குழந்தையை விற்பது, வாங்குவது பற்றிய பிரிவை, யாராவது கையிலெடுக்கப் பார்க்கலாம். பேரம் எதுவும் நடக்கவில்லையென்றால் அது நிற்காது. ஆனால் அன்றைய வாட்ஸ்அப் உரையாடல்கள் உங்களிடம் இருக்குமானால் அவையே உங்களுக்கு நல்ல சான்று.

வழக்கு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். குற்றவியல் நடைமுறையில் காலவரம்பு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவிலும் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆம் பிரிவிலும் உள்ளபடி, ஓராண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தை ஓராண்டு கழித்தும், 3 ஆண்டுக்கு மேற்படாததை 3 ஆண்டு கழித்தும் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க முடியாது. பெருந்தொற்றுக்காக 2022 பிப்ரவரி 28 வரை உச்ச நீதிமன்றம் விலக்களித்த காலத்தைக் கழித்துக் கணக்கிட்டாலும் அந்தக் கெடுக்கள் கடந்துவிட்டன. ஆயினும் இதை நம்பி அசந்திருக்க வேண்டாம். குற்றம் பாதிக்கப்பட்டவருக்கும் காவல்துறைக்கும் தெரியாமல் இருந்திருந்தால், தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் ஓடத் தொடங்கும். தொடர்ந்து நடைபெறும் குற்றமாக இருந்தால் ஒவ்வொரு நாளும் புதிய கணக்கு. அந்தப் பதிவு இன்னமும் உங்கள் முகநூல் பக்கத்தில் இருக்கிறதா என்பது நீங்கள் என்னிடம் சொல்லாமல் விட்ட விவரம். இருந்தால், காலவரம்பு என்ற உங்கள் வலுவான கவசத்தை நீங்களே கழற்றி வைத்திருக்கிறீர்கள்.

பதற்றத்தில் உடனே அழித்துவிடவும் வேண்டாம். தேதி தெரியும்படி திரைப்பதிவு எடுத்து, அதைப் பகிராமல் பத்திரப்படுத்தி, அதன் பிறகு பதிவை நீக்குங்கள். நீங்கள் முதலில் அனுப்பிய வாட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகிகளுக்கு எழுத்தில் வேண்டுகோள் அனுப்புங்கள். பிறர் பகிர்ந்தவற்றை நீக்கும்படி அந்தந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு இணைப்புகளுடன் புகார் செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் அதே படத்தைப் போட்டு 'விளக்கப் பதிவு' எழுதிவிடாதீர்கள். என்னிடம் வரும் இத்தகைய விவகாரங்களில் பாதி, இரண்டாவது பதிவால்தான் பெரிதாகின்றன. அந்தப் பெண்ணை நேரில் சந்தித்து மன்னிப்புக் கேட்க உங்களுக்குத் தோன்றலாம். குழந்தைகள் நலக் குழுவோ பாதுகாப்பு அலுவலரோ சம்மதித்து, அவளும் விரும்பினால் மட்டும் அதைச் செய்யுங்கள்.

பணத்துக்கு வருகிறேன். உங்கள் பெயரில் இருந்தாலும் அந்த ஒன்றரை லட்சம் உங்களுடையது அல்ல. குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஒப்படைக்கப்பட்ட பணம். வேறு ஏழைக் குழந்தைக்குச் செலவழித்தால்கூட நம்பிக்கை மோசடி என்ற கேள்வி எழும். வரவு, செலவு, ரசீது ஆகியவற்றைத் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதி வையுங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கைம்மாறு இன்றி வந்த பணம் உங்கள் வருமானமாகக் கருதப்படலாம் என்பதால் வருமான வரித் துறைக்கும் அந்தத் தாள் தேவைப்படலாம். வெளிநாட்டிலிருந்து வந்த தொகை இந்தியக் குடியுரிமை உள்ளவர் அனுப்பியதா, வெளிநாட்டுக் குடிமகன் அனுப்பியதா என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்; இரண்டாவது வகை இருந்தால் வெளிநாட்டு நன்கொடைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2010 குறுக்கே வரும். மீதித் தொகையைப் பாட்டியின் கையில் ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கை முடிக்க நினைக்க வேண்டாம். பாட்டி வளர்க்கிறாரே தவிர, சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடவில்லை. பாதுகாவலர் மற்றும் காப்பிலுள்ளோர் சட்டம், 1890-இன்கீழ் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து உத்தரவு பெறட்டும். அதுவரை தனி வைப்புத்தொகையாக வைத்து, பிறகு குழந்தைகளின் பெயருக்கு மாற்றுங்கள்.

அந்த உத்தரவு நிவாரணத்துக்கும் உதவும். நீங்கள் ஊராரிடம் கேட்டீர்கள். கேட்டிருக்க வேண்டியது அரசிடம் என்பதுதான் எனக்கு உங்கள்மீதுள்ள மனக்குறை. பெருந்தொற்றின்போது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் சிறப்பு ஏற்பாடுகள் என்ற சொற்களே இருந்தன. உயிரிழப்புக்குக் கருணைத்தொகையும் அதே பிரிவில் இருந்தது. அது அரசின் விருப்பத்துக்கு விடப்பட்டது அல்ல, கட்டாயக் கடமை என்று 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படியே ஒவ்வொரு கொரோனா மரணத்துக்கும் 50,000 ரூபாய் மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து நிர்ணயமானது. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே என்பதால் இந்தக் குழந்தைகளுக்கு 1 லட்சம். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்று எழுதப்படவில்லை என்பதை மட்டும் காரணமாக்கி மறுக்க முடியாது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் நேர்ந்த மரணமும் கணக்கில் வரும்.

விண்ணப்பிக்கும் கெடு, 2022 மார்ச் 20-க்கு முந்தைய மரணங்களுக்கு மார்ச் 24-இலிருந்து 60 நாட்கள் என்று வைக்கப்பட்டு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கெடுவை விதித்த அதே உத்தரவு, கடும் இன்னலால் உரிய காலத்தில் கேட்க முடியாதவர்கள் கருணைத்தொகைக் கோரிக்கைகளுக்கான குறைதீர்க் குழுவை அணுகலாம், குழு ஒவ்வொன்றையும் அதனதன் தகுதிப்படி பரிசீலிக்கலாம் என்ற கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. மகனையோ மகளையோ இழந்து இரண்டு பேரக்குழந்தைகளை வளர்த்த முதியவரின் நிலை கடும் இன்னல் இல்லையென்றால் வேறு எது என்று கேட்கலாம். இது தவிர, பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பீடு செய்து 18 வயதில் வட்டியுடன் வழங்குவதாகவும், உறவினர் பராமரிப்பில் இருந்தால் மாதம் 3,000 ரூபாய் தருவதாகவும் தமிழ்நாடு அரசு 2021 மே 29 அன்று அறிவித்தது. இக்குழந்தைகளுக்கு அது ஏன் வரவில்லை என்று ஆட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். ஒன்றிய அரசின் குழந்தைகளுக்கான பிஎம் கேர்ஸ் திட்டத்துக்கான பதிவு 2022 பிப்ரவரியோடு முடிந்தது. அதில் அதிக நம்பிக்கை வைக்க மாட்டேன்.

இன்னொரு பேரிடர் வந்தால் வேண்டுகோளே கூடாதா என்றால், அப்படி இல்லை. புலம்பெயர் தொழிலாளர்களின் வழக்கை 2020 மே 26 அன்று உச்ச நீதிமன்றம் தானாகக் கையிலெடுத்ததற்கு ஊடகச் செய்திகளும் பலர் எழுதிய கடிதங்களும்தான் காரணம். அதே ஆண்டு செப்டம்பரில், பாலியல் தொழிலாளர்களுக்கு அடையாளச் சான்று கேட்காமல் உலர் உணவுப் பொருட்கள் வழங்கும்படி அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு முகத்தைக்கூடக் காட்டாமல் கிடைத்த நிவாரணம் அது. "பெற்றோரை இழந்து உறவினர் பராமரிப்பில் இருக்கும் இரு சிறாரின் படிப்புக்கு உதவி தேவை; விவரம் குழந்தைகள் நலக் குழுவில் பதிவாகியுள்ளது" என்று எழுதி, பதிவு பெற்ற அறக்கட்டளையின் கணக்கைக் கொடுத்திருந்தால் இந்தக் கடிதம் உங்களுக்கு வந்திருக்காது.

அந்தக் கடிதம் குற்றப்பத்திரிகை அல்ல, விளக்கம் கேட்பது மட்டுமே. குறித்த நாளுக்குள் பதில் கொடுங்கள். பாட்டியையும் உடன் அழைத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பாதுகாவலர் மனு, குறைதீர்க் குழுவுக்கான விண்ணப்பம் இரண்டையும் அவரே தயாரிப்பார். இரு இறப்புச் சான்றிதழ்கள், தொற்றுப் பரிசோதனை முடிவு அல்லது மருத்துவமனைக் குறிப்பு, வாரிசுச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு உங்கள் வரவு செலவுத் தாளையும் கொண்டுபோங்கள். உங்கள் பதில் கடிதத்தை மட்டும் அந்த வழக்கறிஞரிடம் எழுதச் சொல்லாதீர்கள். அவர் குழந்தைகளுக்காக நிற்பவர், உங்களுக்கென்று வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள்.