"வேலைய விட்டுரு, காணிக்கை குடு"ன்னு தீர்க்கதரிசனம் வந்தா அப்படியே செய்யணுமா?

சிஸ்டர், கன்வென்ஷன்ல அந்த ஊழியக்காரர் உங்கள பேர் சொல்லி கூப்ட்டு வேலைய விடணும் 50,000 ரூபா விதைக்கணும், அதாவது காணிக்கையா குடுக்கணும்னு சொன்னார்னு எழுதிருக்கீங்க, படிச்சதும் மனசு கஷ்டமா போச்சு. தயவுசெஞ்சு ரிசைன் லெட்டர் குடுத்துராதீங்க.

சோதிச்சு பாக்குறது அவிசுவாசம் இல்ல. 1 கொரிந்தியர் 14:29ல பவுலே ரெண்டு மூணு பேர் தீர்க்கதரிசனம் சொல்லட்டும், மத்தவங்க அத சோதிச்சு நிதானிக்கட்டும்னு தான் சொல்றார். அதாவது சொல்றவர் மைக்க வச்சதோட முடியல, கேக்குற சபைக்கும் பொறுப்பு இருக்கு.

அப்போஸ்தலர் 21 எடுத்து பாருங்க. செசரியால பிலிப்பு வீட்ல பவுல் தங்கியிருக்கும்போது அகபுன்ற தீர்க்கதரிசி வந்து பவுலோட இடுப்பு கச்சைய எடுத்து தன் கைகால கட்டிக்காட்டி, இந்த கச்சைக்காரன எருசலேம்ல இப்படித்தான் கட்டுவாங்கன்னு சொல்றார், எல்லாரும் போகாதீங்கன்னு அழுறாங்க, ஆனா அகபு போகாதேன்னு சொல்லவே இல்ல, நடக்கப்போறத மட்டும் சொன்னார், முடிவு எடுத்தது பவுல் தான், போயும்ட்டார். இத மட்டும் நல்லா யோசிங்க.

காசு விஷயம் இன்னும் தெளிவு. ஆதிசபை காலத்து டிடாக்கேன்ற கையேட்ல, ஆவியில பேசுறேன்னு சொல்லிட்டு தனக்கு பணம் கேக்குறவன் பேச்ச கேக்காதீங்க, இல்லாதவங்களுக்கு குடுக்க சொன்னா அவன குத்தம் சொல்லாதீங்கன்னே இருக்கு! அப்பவே இந்த பிரச்சன இருந்திருக்கு பாருங்க.

உங்கள வருஷக்கணக்கா தெரிஞ்ச ஒரு சபை மூப்பர் கிட்டயும் வீட்லயும் உக்காந்து பேசுங்க, ஜெபம் பண்ணுங்க. அந்த ஊழியக்காரர் தரப்புல திரும்ப போன் பண்ணி அவசரப்படுத்துனா, சபையில சோதிச்சுட்டு சொல்றேன்னு சொல்லி வச்சுருங்க.